தையில் விதைத்த பருத்தி

அய்யாவுக்கு மழையைக் கண்டால் ஆகாது. கடல் தாண்டிக் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து குடியேறிய ஒருவனுக்கு மழை ஆகாது என்றால் அவன் பாடு எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். சோற்றைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போவதற்குள் வானம் கறுத்து, கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்துத் தகரக் கூரையின் மேல் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காதபடி கொட்டித் தீர்க்கும். "என்ன ஊருடா இது! ஒரு துணி காயுதா, ஒரு வெறகு காயுதா" என்று வாசற்படியில் குந்திக்கொண்டு வானத்தை வைவான். வானம் அவனை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

அவன் பெண்டாட்டி நல்லம்மாளுக்கு மழை என்றால் உயிர். கூரையில் முதல் தூறல் விழுந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பாள். இத்தனை வருசம் ஆகியும் அது அவளுக்குச் சலிக்கவில்லை. பானையை வெளியே வைத்தால் தானாக நிறைகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதில் தான் குடியிருக்கிறோம் என்பதை அவளால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள்தான். விளாத்திகுளத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், பருத்தியை நம்பியே பிழைக்கிற சின்ன ஊர். ஒரு தெரு முழுக்கப் பருத்திப் பேட்டை. பங்குனி, சித்திரையில் அந்தத் தெருவில் மூச்சு விட்டால் மூக்கில் பஞ்சு ஏறும். வண்டி வண்டியாகப் பொதி வந்து இறங்கும். பெண்டுகள் ஒரே நாளில் தலை நரைத்தவர்களாக வீடு திரும்புவார்கள். ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு, தையில் களையெடுப்பு, பங்குனியில் பருத்தி எடுப்பு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் எடுப்பை வெள்ளிக்கிழமைதான் தொடங்க வேண்டும். அதையும் வீட்டுப் பெண்தான் தொடங்க வேண்டும். ஆண்கள் உழுவார்கள், விதைப்பார்கள், பொதி சுமப்பார்கள். வெடித்த பருத்தியில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். முதல் பஞ்சில் திரி திரித்து வீட்டில் விளக்கேற்றுவார்கள். அப்படி விளக்கேற்றிய வீட்டை அந்த வருசம் பூட்டிப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். பிழைப்புத் தேடி வெளியூர் கிளம்புகிறவர்கள் அந்த வருசம் விளக்கேற்றாமலே கிளம்பிவிடுவார்கள்.

ஒரே ஊரில் பிறந்தாலும் இருவரும் ஒரே மாதிரி வானத்தைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. அய்யாவு நாலு குறுக்கம் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. மழை பொய்த்தால் அவன் வீட்டில் ஒருவேளைச் சோறு குறையும். நல்லம்மாள் அந்த நிலங்களில் கூலிக்குப் பருத்தி எடுக்கிற வீட்டுப் பெண். மழை பொய்த்தால் அவள் வீட்டில் அடுப்பே எரியாது. அவள் சிறுமியாக இருந்த ஒரு வருசம், அவளும் அவள் அம்மாவும் காட்டில் எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்திருந்த புல்லரிசியை அள்ளி வந்து, மண்ணைப் புடைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். எறும்பிடமிருந்து பிடுங்கிக் குடித்த அந்தக் கஞ்சியை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

நிலத்தை அண்ணன் கையில் விட்டுவிட்டு, இரண்டு வருசத்தில் திரும்பிவிடலாம் என்று கப்பலேறியவன் அய்யாவு. அந்த இரண்டு வருசம் நீண்டுகொண்டே போனது. பிள்ளைகுட்டி இல்லை, இழுத்துப் பிடிக்க இங்கே என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி. நல்லம்மாள் எழுந்துபோய்ப் பானையைக் கூரைத் தாரைக்கு அடியில் நகர்த்தி வைப்பாள். கூரையில் மழை பேசிக்கொண்டிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருசம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்துத் துரை ஆட்களைக் குறைத்தார். முதலில் நிறுத்தியது களைவெட்டுக் கூட்டத்தை. அதில் அய்யாவு இருந்தான். நல்லம்மாளுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு. பட்டையில் காயம் படாமல் வெட்டுகிற கை என்று அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள், கூலியைக் குறைத்து. பெண்டாட்டி இருட்டோடு எழுந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போக, புருஷன் வாசலில் குந்தியிருக்கும்படி ஆயிற்று. அவனுக்கு அது மானக்கேடாக இருந்தது. மழையை இன்னும் இரண்டு வசவு கூட்டி வைதான், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற சபாபதி மண்டோர் ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"ஊருக்குப் போறவங்களுக்குச் சர்க்காரே கப்பல் விடுது அய்யாவு. சல்லிக்காசு செலவில்ல. பேரு குடுக்கிறியா?"

அய்யாவு திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நான் வரல."

"நீ வராம நான் மட்டும் எங்கிட்டுப் போக?"

"அப்ப இருங்க."

"இருந்து என்னத்தப் பண்ண? பருத்தி வெளையாத மண்ணுல மனுசன் இருப்பானா?"

நல்லம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். "வெளைஞ்சா?"

அய்யாவுக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. ஆனால் சபை நடுவில் ஆண்பிள்ளை பின்வாங்க முடியுமா? சபை என்றால் சபாபதி மண்டோர் ஒருவர்தான். அவன் மீசைக்கு அதுவே போதும்.

"வெளைஞ்சா இருக்கேன். வெளையலேன்னா எந்திரிச்சு வந்துரணும். மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கக் கூடாது."

"சரி" என்றாள். "மண்டோர் அண்ணே, நீங்கதான் சாட்சி."

சபாபதி சிரித்துக்கொண்டே போனார். கிள்ளானில் பருத்தியாவது, விளைவதாவது என்று அவர் சிரித்தது அடுத்த லயம் வரைக்கும் கேட்டது.

விதை கையிலேயே இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்பிய ஆள் ஒருவனிடம் அய்யாவுவின் அண்ணன் ஒரு பை கருங்கண்ணிப் பருத்திக்கொட்டை கொடுத்து அனுப்பியிருந்தான். தம்பி மாடு வைத்திருப்பான், ஆட்டி வைக்கட்டும் என்பது அண்ணனின் நினைப்பு. மாடு இருந்ததோ, லயத்துக்குப் பின்னால் ரயில்வே கேட் வீட்டில் குடியிருந்த உர்சுலாவிடம். நிலமும் கிடைத்தது. வேலையில்லாதவர்கள் மரவள்ளியாவது போட்டுப் பிழைக்கட்டும் என்று, லயத்துக்கும் ரயில்பாதைக்கும் நடுவில் கிடந்த பொட்டலைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஊரே மரவள்ளி நட்டது. அய்யாவு மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டி ஐப்பசிக்குக் காத்திருந்தான்.

நல்லம்மாள் ஒரு தடவைதான் சொன்னாள். "ஐப்பசியில வெதைச்சா பங்குனி, சித்திரையில வெடிக்கும். இங்க அப்பத்தான் இடியும் மழையும். ஆனியில வெடிக்கிற மாதிரி வெதைங்க. ஆனியிலதான் எங்களப் பெரட்டுல திருப்பி அனுப்பறது கொறவு."

அவள் சொன்னதில் விசயம் இருந்தது. மழை பெய்த காலையில் மரம் நனைந்திருக்கும். வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் பட்டை முழுக்க வழிந்துவிடும். அன்றைக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. எந்த மாசம் காலையில் நனையும், எந்த மாசம் காயும் என்பது பால்வெட்டுகிற பெண்களுக்கு வயிற்றுக்குத் தெரியும்.

"பருத்திக்கு மாசம் சொல்லித்தர வந்துட்டா பாரு! எங்க பாட்டன் காலத்துலேருந்து ஐப்பசிதான்."

"உங்க பாட்டன் கிள்ளானுக்கு வந்தாரா?"

அய்யாவு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தான்.

அதை அவன் மடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கரிசல் காட்டில் ஐப்பசி தவறி விதைத்தவன் ஒருவனையும் அவன் கண்டதில்லை. கண்டிருந்தால் பைத்தியம் என்று ஒதுங்கிப் போயிருப்பான். அவனுக்கு மாசம் என்பது வானத்தில் இல்லை, விதைக்குள்ளேயே இருந்தது. கடல் தாண்டி வந்தால் விதை மாசத்தை மறந்துவிடுமா என்ன?

உர்சுலா வீட்டுச் சாணியை வாங்கிக் கரைத்து, சாம்பலும் சேர்த்து, கொட்டைகளை அதில் போட்டுப் புரட்டினான். பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் விரலிலிருந்து தனித்தனியாக விழ வேண்டும். அதற்குத்தான் இந்தப் புரட்டல். பல வருசத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு களை வந்ததை நல்லம்மாள் பார்த்தாள். அடுப்புச் சாம்பலை இன்னும் கொஞ்சம் அள்ளி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செடி வந்தது. வந்தது மட்டுமா, அப்படி வளர்ந்தது! தை பிறப்பதற்குள் மார்பு உயரம். ஊரில் முழங்கால் தாண்டுவதற்கே என்ன பாடு படும்! அய்யாவு தலை நிமிர்ந்து நடந்தான். கிள்ளான் பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிற வழியில் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இலையாக வளர்கிறதே, பூவைக் காணோமே என்ற சந்தேகம் அவனுக்கு வராமல் இல்லை. வந்ததை விழுங்கிக்கொண்டான். மிஞ்சிய கொட்டையை ஒரு வாளியில் போட்டு, "மாட்டுக்கு வையி" என்று உர்சுலாவிடம் கொடுக்கச் சொன்னான்.

நல்லம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள், வழியில் நின்று இரண்டு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். மழை பெய்து பெரட்டில் திருப்பி அனுப்பிய ஒரு தை மாசத்துக் காலையில், பொட்டலின் கடைசியில் ரயில் வேலியோரமாக உயர்ந்திருந்த வரப்பை அவளே கொத்தி, கொட்டைகளைச் சாணியில் புரட்டி, ஊன்றினாள்.

அய்யாவு வந்து பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தையில பருத்தியா! ஏ புள்ள, இது மட்டும் வெளைஞ்சா நான் மீசைய வழிச்சுக்கிறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த உர்சுலா, "நான் கேட்டுட்டேன் லா, அண்ணே" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னாள்.

பங்குனியில் அவன் பருத்தி வெடித்தது. வெடித்த அன்றே இடி இடித்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். மத்தியான மழை தவறாமல் வந்து, விரிந்த பஞ்சையெல்லாம் நனைத்துத் தொங்கவிட்டது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, கறுத்து, சளியாக ஒழுகிற்று. வெடிக்காத காய்களுக்குள் புழு. பிய்த்துப் பார்த்தால் கொட்டை காய்க்குள்ளேயே முளைவிட்டிருந்தது. அய்யாவு பாத்திக்கு நடுவில் நின்று ஒவ்வொரு காயாகப் பிய்த்துப் பார்த்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

நல்லம்மாள் தூரத்தில் நின்றாள். தான் சொன்னது பலித்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்குக் கொஞ்சமும் வரவில்லை. அவன் அழுவதைப் பார்த்து அவளுக்கும் அழுகைதான் வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தது. போனால் "சொன்னேனே" என்று சொல்ல வந்ததாக நினைத்துக்கொள்வானோ என்று நின்றுவிட்டாள்.

சித்திரை பிறந்ததும் அய்யாவு போய்ச் சபாபதியிடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தான். ஆடி பிறந்ததும் கப்பல். கிள்ளானுக்குப் போய் அண்ணன் பெண்டாட்டிக்கு ஒரு சேலையும் வாங்கி வந்து தகரப் பெட்டியில் வைத்தான். நல்லம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், மூக்கைச் சிந்தவில்லை. வரப்பில் நின்ற பருத்தி விளைந்தால் இருக்கிறேன் என்ற பேச்சில் சேருமா சேராதா என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் சேராது என்று சொல்லிவிடுவானே என்று பயமாக இருந்தது.

வரப்புச் செடிகள் அடக்கமாக, அளவாக வளர்ந்தன. சித்திரைக் கடைசியில் மஞ்சள் பூ பூத்தது. வைகாசியில் பிஞ்சு பிடித்தது. ஆனால் நல்லம்மாளுக்கு ஒன்று விளங்கவில்லை. விடியலில் பால்வெட்டுக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவள் அவள். களையெடுக்க நேரமே இல்லை. வரப்போ துடைத்துவிட்ட வாசலாக இருந்தது. கொழுந்து அளவுக்கு மீறிய இடத்தில் நுனி கிள்ளியிருந்தது. காயில் ஒரு புழு கிடையாது.

"வரப்புல யாரு களை பிடுங்கினது?" என்று ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாள்.

"மாடு மேஞ்சிருக்கும்" என்றான் அய்யாவு.

"மாடு பருத்திய விட்டுட்டுக் களைய மட்டும் மேயுமா?"

"உர்சுலா மாடு. வெவரமான மாடு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். அவன் உள்ளம் அவளுக்குப் புரிந்தது. கப்பலுக்குப் பெயர் கொடுத்தவன் அவன்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு பருத்திச் செடி களையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட அவள் துணியவில்லை.

ஆனி பிறந்தது. காய் முற்றி, நுனி கீறிற்று. இனி வேண்டியது காய்ந்த வானம். அதைப் போய் யாரிடம் கேட்பது? தோட்டத்தில் இருந்தது மாரியம்மன் கோயில். மழைக்காகக் கையேந்துகிற இடம் அது. பிறந்ததிலிருந்து மழை கொடு, மழை கொடு என்று கேட்டுப் பழகிய வாய் அவளுக்கு. எறும்புப் புற்றைத் தோண்டிய அந்தக் கையையே கூப்பிக்கொண்டு, "தாயே, கொஞ்ச நாள் நிறுத்தி வையி" என்று கேட்கும்போது அவளுக்கு நாக்குக் கூசியது. சன்னிதியில் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டு வேகமாகத் திரும்பிவிட்டாள்.

போதாததற்கு உர்சுலாவையும் பிடித்தாள். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறப்ப உங்க மாதாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு உர்சுலா."

"எங்க மாதாவுக்குப் பருத்தி தெரியுமோ என்னமோ. சொல்றேன் அக்கா" என்றாள் உர்சுலா. "எதுக்கு இவ்வளவு பாடு? போக மாட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது லா."

"சொல்லிட்டா இருப்பாரு. ஆனா மனசு இங்க இருக்காது. அப்படி ஒரு ஆள வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மாரியம்மனோ மாதாவோ, யாரோ கேட்டார்கள். வானம் வெளுத்துக் கிடந்தது. வரப்பு வெடிக்கத் தொடங்கியது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் வரப்புப் பக்கம் போய்ப் பார்த்தபோது, ரயில் வேலியோரம் நெடுக வெள்ளையாக விரிந்திருந்தது. கோலாலம்பூருக்குப் போகிற சாயங்கால ரயிலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அய்யாவு சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக் கழிச்சு வெள்ளிக்கெழம" என்றாள், யாரிடமோ சொல்வதாக.

அவன் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனான்.

வியாழக்கிழமை அவள் கடைசி மர நிரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது காற்றின் வாடை மாறியது. கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று மரங்களின் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தது. "சுமாத்ரா வருது! சுமாத்ரா வருது!" என்று பெண்கள் நிரைக்கு நிரை கூவினார்கள். ஆனியிலும் எப்போதாவது ஒரு காலையில், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து அடித்துவிட்டுப் போகிற சூறைக் காற்று அது. அந்த ஒரு காற்றை அவள் கணக்கில் வைக்கவில்லை. கோப்பைகளில் மழை விழுவதற்கு முன்னால் பாலைச் சேர்த்தாக வேண்டும். எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லம்மாளும் ஓடினாள், மரத்துக்கு மரம்.

கை பாலை ஊற்றிக்கொண்டிருந்தது. மனசு வரப்பில் இருந்தது. வீட்டுக்கு ஓடினாலும் மழைக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. வீட்டில் இருப்பது அவன் ஒருவன்தான். அவன் கெடுதல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செடியைப் பிடுங்க வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். அப்புறம் கப்பல்தான். அதற்காக அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எடுக்கக் கூடாது, ஆண்பிள்ளை கை வைக்கக் கூடாது. ஊர் வழக்கமே அவன் பக்கம் நின்றது. நினைக்க நினைக்க அவளுக்குக் கண் நிறைந்தது. முதல் துளி முகத்தில் விழுந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக மழையை வைதாள்.

பாலைக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடி வந்தாள். நேரே வரப்புக்குத்தான் போனாள். செடிகள் காற்றில் சாய்ந்து கிடந்தன. அதில் பஞ்சு இல்லை. நனைந்து தொங்கவும் இல்லை, கீழே விழுந்து சேற்றில் கிடக்கவும் இல்லை. காய் ஓடுகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றன. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதா? அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தாள். ஊருக்கென்று மடித்து வைத்திருந்த துணிமணி, அண்ணன் பெண்டாட்டி சேலை உட்பட, தரையில் வாரிக் கொட்டிக் கிடந்தது. தகரப் பெட்டி திறந்திருந்தது. அதில் விளிம்பு வரைக்கும் பருத்தி. பக்கத்தில் அய்யாவு இடுப்பில் ஒரு துண்டோடு குந்தியிருந்தான். வேட்டி மூலையில் ஈரப் பொட்டலமாகக் கிடந்தது. தலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பெட்டிக்குள் விழுந்துவிடாதபடி கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஈரத்தோட கிட்ட வராத" என்றான்.

அவள் வாசலிலேயே நின்றாள். "நாளைக்குத்தான வெள்ளிக்கெழம."

"மழைக்குக் கெழம தெரியுமா?"

"ஆம்பள கை வைக்கக் கூடாதே."

"வெச்சுட்டேன்."

"விட்டிருக்கலாமேங்க" என்றாள். "சும்மா உக்காந்திருந்தாப் போதுமே."

அய்யாவு பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உக்காந்துதான் இருந்தேன். காத்து வந்தப்பவும் உக்காந்துதான் இருந்தேன். பருத்தி நனையிறத எப்படிப் புள்ள பாத்துக்கிட்டே இருக்கிறது? ஒரு தடவை பாத்தது போதாதா?"

நல்லம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மழை கூரையில் போட்ட சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

மழை விட்டதும் உர்சுலா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நான் கேட் வீட்டுலேருந்து பாத்தேன் அக்கா! அண்ணன் வேட்டிய அவுத்து மடி கட்டி ஓடி ஓடி எடுத்தாரு. எட்டரை மணி ரயிலே போச்சு, அவரு திரும்பிக்கூடப் பாக்கல. அண்ணே, மீசை என்னாச்சு?"

"மீசையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். போய் மாட்டைப் பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாயங்காலம் நல்லம்மாள் ஒரு பிடி பருத்தியை எடுத்து, கொட்டை நீக்கி, தொடையில் வைத்துத் திரியாகத் திரித்தாள். அகலில் எண்ணெய் விட்டாள். திரியைப் போடப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. ஏற்றினால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். பருத்தி நனைய மனசு வராமல் எடுத்தவனை, அதை வைத்தே கட்டிப் போடுவது நியாயமா? அவன் வாயால் வராத ஒன்றைத் திரியால் வாங்க அவளுக்கு மனம் இல்லை.

அய்யாவு அவளைப் பார்க்கவில்லை. பெட்டிப் பருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பஞ்சு வேறு கொட்டை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கொட்டையைக் கண்டபடி போடவில்லை. ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, சொத்தையைத் தள்ளிவிட்டு, நல்லதாகப் பார்த்து ஒரு காய்ந்த தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்து வைத்தான். சிரட்டை பாதி நிறைந்திருந்தது.

"அந்தக் கொட்டை உர்சுலா மாட்டுக்கா?" என்று கேட்டாள்.

"மாட்டுக்கு இல்ல" என்றான் அய்யாவு. இன்னொரு கொட்டையைத் துடைத்துச் சிரட்டையில் போட்டான். "தைக்கு."

நல்லம்மாள் திரியை எண்ணெயில் நனைத்து விளக்கை ஏற்றினாள்.